7-வது இல்லினாய் குதிரைப்படையின் பதினாறு நாள்: சண்டையா, ஓட்டமா?

வைகறைவாசகன் (இழையைத் தொடங்கியவர்):
அமெரிக்க உள்நாட்டுப் போர் என்றாலே இங்கே கெட்டிஸ்பர்க், லீ, லிங்கன் என்று கிழக்குப் பக்கமே பேச்சு போகிறது. மேற்கில் மிசிசிப்பி மாநிலத்தின் நடுவே 1863 ஏப்ரலில் வடக்குக் கர்னல் கிரியர்சன் நடத்திய படையோட்டம் (ரெய்டு) பற்றி இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறேன். இல்லினாய், அயோவா மாநிலங்களில் திரட்டிய மூன்று தன்னார்வக் குதிரைப்படைகள், மொத்தம் சுமார் 1700 பேர். ஏப்ரல் 17 அன்று டென்னஸியில் லா கிரான்ஜ் என்ற ஊரிலிருந்து கிளம்பி, மே 2 அன்று லூசியானாவில் வடக்கின் கையிலிருந்த பேட்டன் ரூஜ் போய்ச் சேர்ந்தார்கள். ஏறக்குறைய 600 மைல், முழுக்க எதிரியின் மண். கடைசி வரை போனவை 6-வது, 7-வது இல்லினாய் படைகள் மட்டும்.

என் சந்தேகம் இதுதான். அந்த இரண்டு படைகளிலும் செத்தவர்கள் மூன்றே பேர் என்று கிரியர்சனின் அறிக்கை சொல்கிறது. காயம்பட்டவர் ஏழு, காணாமல் போனவர் ஒன்பது, நோயால் வழியில் விடப்பட்டவர் ஐந்து. உருப்படியான ஒரு சண்டைகூட இல்லை. எதிரி வரும் பக்கமெல்லாம் விலகி ஓடியிருக்கிறார்கள். இதைப் போய் இந்தப் போரின் மிகச் சிறந்த படையோட்டம் என்று வடக்கு ஜெனரல் ஷெர்மன் புகழ்ந்தார் என்றால் கொஞ்சம் மிகையாகத் தெரியவில்லையா?

லாயக்காரன்:
நல்ல கேள்வி. சண்டை போடாமல் இருந்ததுதான் அவர்களுக்கு இட்ட வேலை. அதைக் கெட்டிக்காரத்தனமாகச் செய்தார்கள், அவ்வளவுதான்.

பின்னணி தெரிந்தால் இது புரியும். மிசிசிப்பி ஆற்றின் மேல் விக்ஸ்பர்க் கோட்டை நிற்கிறது. வடக்குப் படைத்தலைவர் கிரான்ட் குளிர்காலம் முழுக்க அதை நெருங்கப் பார்த்து, சதுப்பிலும் வாய்க்காலிலும் மாட்டித் திணறிவிட்டார். கடைசியில் கோட்டைக்குத் தெற்கே போய் ஆற்றைக் கடப்பது என்று முடிவு. கடக்கும் நேரத்தில் தெற்குப் படைத்தலைவர் பெம்பர்டனின் கண் ஆற்றின் பக்கம் இருக்கக் கூடாது. விக்ஸ்பர்க்குக்குக் கிழக்கிலிருந்து சோறும் வெடிமருந்தும் வருவது ஒரே ரயில் பாதையில். மெரிடியனில் தொடங்கி ஜாக்சன் வழியாகப் போகும் பாதை அது. அதை நடுவில் அறுத்து, பெம்பர்டனைக் கிழக்கே திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும். இதற்குத்தான் கிரியர்சனை அனுப்பினார்கள்.

ஆளும் சுவாரசியமானவர். பெஞ்சமின் கிரியர்சன் இல்லினாயில் ஜாக்சன்வில் ஊரில் பாட்டு வாத்தியார். எட்டு வயதில் குதிரை முகத்தில் உதைத்ததால் அந்தப் பிராணியையே பிடிக்காது. காலாட்படைக்குப் போகத்தான் ஆசை. மாநில ஆளுநர் குதிரைப்படையில் போட்டுவிட்டார்.

புறப்படும்போது ஒவ்வொருவருக்கும் ஐந்து நாள் உணவு கொடுத்து, அதைப் பத்து நாளுக்கு இழுக்கச் சொன்னார்கள். தோட்டா 40. இவ்வளவு குறைவாக வைத்துக்கொண்டு யார் தேடிப்போய்ச் சண்டை போடுவார்கள்?

மேட்டுத்தெரு:
லாயக்காரன் அண்ணே, ஒரு அடிப்படைக் கேள்வி. தன்னார்வப் படை என்றால் சம்பளமில்லாமல் வந்தவர்களா?

லாயக்காரன்:
இல்லை தம்பி, சம்பளம் உண்டு. போர் தொடங்கியபோது அமெரிக்காவின் நிரந்தரப் படை மிகச் சிறியது. அதனால் ஒவ்வொரு மாநிலமும் ஆள் திரட்டி, எண் போட்டு, மத்திய அரசின் சேவைக்கு ஒப்படைத்தது. கர்னல்களை ஆளுநர் நியமிப்பார். அதில் அரசியல் நிறையவே உண்டு. 7-வது இல்லினாயின் முதல் கர்னல் வில்லியம் பிட் கெல்லாக், போருக்குப் பிறகு லூசியானாவின் ஆளுநராகவே ஆனவர். அவர் 1862-ல் விலகியதும் எட்வர்ட் பிரின்ஸ் என்ற வக்கீல் கர்னலானார்.

படையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பண்ணைப் பையன்கள். 1861 இலையுதிர்காலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு பக்கம் கேம்ப் பட்லரில் சேர்ந்தவர்கள். மிசிசிப்பிக்குள் போகும்போது அவர்களுக்கு ஒன்றரை வருட அனுபவம். வடக்கில் குதிரையை அரசாங்கமே கொடுத்தது. தெற்கில் வீரன் சொந்தக் குதிரையோடு வர வேண்டும், குதிரை செத்தால் அவன் பாடு. போர் நீள நீள இந்த வித்தியாசம் தெற்கைக் கடுமையாக வாட்டியது.

தண்டவாளம்:
ரயில் விஷயத்தை யாரும் தொடாததால் நான் வருகிறேன். 😀

நியூட்டன் ஸ்டேஷன், ஏப்ரல் 24 காலை. 7-வது இல்லினாயின் லெப்டினன்ட் கர்னல் வில்லியம் பிளாக்பர்ன் 200 பேரோடு முன்னாலேயே போய் ஸ்டேஷனைப் பிடித்துவிட்டார். தெற்குச் சீருடை போட்ட வேவுக்காரர்கள் அவருக்கும் முன்னால். கிழக்கிலிருந்து ஒரு சரக்கு ரயில் வருவது தெரிந்ததும் எல்லாரும் ஒளிந்துகொண்டார்கள். வண்டி பக்கப் பாதையில் ஒதுங்கி நின்றவுடன் ஏறிப் பிடித்தார்கள். ஏன் ஒதுங்கியது? எதிரே மேற்கிலிருந்து இன்னொரு வண்டி வர வேண்டியிருந்தது. ஒற்றைப் பாதை அல்லவா. மறுபடி ஒளிந்தார்கள், அதையும் பிடித்தார்கள். ஒன்றில் 25 பெட்டி, மற்றதில் 13.

பெட்டிகளில் பீரங்கிக் குண்டுகள் நிறைய இருந்தன. தீ வைத்ததும் அவை வெடிக்க ஆரம்பித்தன. பின்னால் வந்துகொண்டிருந்த கிரியர்சன், பிளாக்பர்ன் பெரிய சண்டையில் மாட்டிக்கொண்டார் என்று நினைத்துப் படையை நாலுகால் பாய்ச்சலில் ஓட்டி வந்தார். வந்து பார்த்தால் சொந்தப் பட்டாசு.

அப்புறம் எஞ்சின்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஸ்லீப்பர் கட்டைகளைக் குவித்துக் கொளுத்தி, அதன் மேல் தண்டவாளத்தைப் போட்டுச் சூடேற்றி வளைத்தார்கள். வெறுமனே பிடுங்கிப் போட்ட தண்டவாளத்தை எதிரி மறுநாளே திரும்பப் பதித்துவிடுவான். வளைந்ததைப் பட்டறைக்குத்தான் அனுப்ப வேண்டும். மரப் பாலங்களையும் தந்திக் கம்பிகளையும் இரு பக்கமும் போய் அழித்தார்கள்.

ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். ரயில் பாதை எவ்வளவு உடைத்தாலும் சரிசெய்யக்கூடியது. நியூட்டனோடு கதை முடிந்திருந்தால் இதற்கு இவ்வளவு பெயர் கிடைத்திருக்காது என்பது என் கருத்து.

கோட்டைமேடு:
எல்லாரும் 7-வது இல்லினாய்க்கு மாலை போடுகிறீர்கள். 2-வது அயோவாவை மறந்துவிட்டீர்கள். கர்னல் எட்வர்ட் ஹாட்சின் படை அது. ஏப்ரல் 21 அன்று கிரியர்சன் அவர்களைப் பிரித்துத் திருப்பி அனுப்பினார். கிழக்கே மொபைல்-ஒகாயோ ரயில் பாதையைத் தாக்கு, முடிந்த அளவு தொந்தரவு கொடு, பிறகு வீடு போய்ச் சேர் என்பது உத்தரவு. அன்றைக்கே பாலோ ஆல்டோ என்ற இடத்தில் தெற்குத் தரப்பில் பார்ட்டோவின் டென்னஸிக் குதிரைப்படை அவர்கள் மேல் விழுந்தது. ஹாட்ச் எதிர்த்து நின்று, மெதுவாக வடக்கே பின்வாங்கி, துரத்தியவர்களைத் தன் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போனார். 26-ம் தேதி லா கிரான்ஜ் திரும்பினார். இல்லினாய்க்காரர்கள் நிம்மதியாகத் தெற்கே போனது அயோவாக்காரன் அடி வாங்கியதால்.

லாயக்காரன்:
கோட்டைமேடு சொல்வதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். அதோடு ஒரு விஷயம் சேர்க்கிறேன். ஹாட்ச் பிரிந்தபோது அயோவாக்காரர்களில் ஒரு பகுதி கிரியர்சனின் பின்னால் சில மைல் போய், அதே வழியில் நான்கு நான்கு பேராகத் திரும்பி வந்தது. முதல்நாள் மழையில் சேறாகியிருந்த பாதை. தெற்கே போன குளம்புத் தடத்தை எல்லாம் வடக்கே திரும்பும் தடம் மூடிவிட்டது. அவர்களிடம் ஒரு சிறு பீரங்கி இருந்தது, இரண்டு பவுண்டு குண்டு போடுவது. அதை நான்கு இடங்களில் தனித்தனியாகத் திருப்பினார்கள். தரையில் பார்ப்பவனுக்கு நான்கு பீரங்கிகள் திரும்பின மாதிரித் தெரிய வேண்டும் என்று. பார்ட்டோ தடத்தைப் பார்த்தார், முழுப் படையும் வடக்கே திரும்பிவிட்டது என்று நம்பினார்.

இதற்கு முந்தின அதிகாலை இன்னொரு பிரிப்பு நடந்திருந்தது. நோய்ப்பட்டவர்கள், களைத்த குதிரைகள், பிடிபட்ட கைதிகள் எல்லாரையும் சேர்த்து 175 பேரை மேஜர் லவ் தலைமையில் திருப்பி அனுப்பினார்கள். படைக்குள் அவர்களுக்குக் கொய்னா பட்டாளம் என்று கேலிப்பெயர், மலேரியா மருந்தின் பெயரில். இருட்டோடு இருட்டாகப் பான்டோடாக் ஊர் வழியே போ, ஊர்க்காரர்கள் கணக்கு எடுக்க முடியாத மாதிரிப் போ என்பது உத்தரவு. சுகமில்லாதவனையும் ஏமாற்றுக்குப் பயன்படுத்திக்கொண்ட மனுஷன்!

ஆற்றங்கரை:
இந்த இழையில் பி கம்பெனியைப் பற்றி இன்னும் ஒருவரும் பேசவில்லையே! எனக்கு மொத்தக் கதையிலும் அதுதான் பிடிக்கும்.

7-வது இல்லினாயின் பி கம்பெனி, கேப்டன் ஹென்றி ஃபோர்ப்ஸ், சுமார் 35 பேர். ஏப்ரல் 22 அன்று அவர்களைத் தனியாகக் கிழக்கே மேக்கன் ஊருக்கு அனுப்பினார் கிரியர்சன். தந்தியை அறு, கலவரப்படுத்து, பிறகு எங்களைக் கண்டுபிடித்து வந்து சேர். எங்கே வந்து சேர்வது? அது யாருக்குமே தெரியாது. மேக்கனில் தெற்குப் படை வந்துவிட்டதால் ஊருக்குள் போக முடியவில்லை. சுற்றிக்கொண்டு நியூட்டன் வந்தார்கள். அங்கே சாம்பலும் வளைந்த இரும்பும்தான் மிச்சம், கிரியர்சன் போய்விட்டார். கிழக்கே போயிருப்பார் என்று யாரோ சொன்ன பேச்சை நம்பி என்டர்பிரைஸ் ஊருக்குப் போனார்கள். அங்கே தெற்குக் காலாட்படை இறங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி ஓடினால் செத்தோம். ஃபோர்ப்ஸ் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு முன்னால் போய், கிரியர்சன் பெயரில் ஊரைச் சரணடையச் சொன்னார். 35 பேரை வைத்துக்கொண்டு! அங்கிருந்த கர்னல் யோசிக்க ஒரு மணி நேரம் கேட்டார். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று பெருந்தன்மையாகக் கொடுத்துவிட்டு, அந்த ஒரு மணி நேரத்தில் இவர்கள் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய்விட்டார்கள். கிரியர்சன் என்டர்பிரைஸ் வாசலில் நிற்கிறார் என்ற நம்பிக்கையில் தெற்கு ஜெனரல் லோரிங்கின் ஆட்கள் அங்கேயே கட்டுண்டு கிடந்தார்கள்.

முன்னால் போன படை பாலங்களை எரித்துக்கொண்டே போகிறது. அதே பாலங்கள் இவர்களுக்கும் வேண்டும். கேப்டனின் தம்பி ஸ்டீபன் ஃபோர்ப்ஸும் இன்னும் சிலரும் நல்ல குதிரைகளில் முன்னால் பறந்தார்கள். ஸ்ட்ராங் ஆற்றுப் பாலத்துக்குத் தீ வைக்க ஆள் தயாராக நிற்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் 35 பேரும் சிறை. அந்த ஸ்டீபனுக்கு அப்போது வயது 18. பிற்காலத்தில் அவர் பெரிய பூச்சியியல் அறிஞர். ஒரு ஏரியைத் தனி உலகமாகப் பார்த்து அவர் 1887-ல் எழுதிய கட்டுரை இன்றும் சூழலியல் மாணவர்களுக்குப் பாடம்.

வைகறைவாசகன்:
ஆற்றங்கரை, இதை எழுதியதற்கு நன்றி. ஆனால் எனக்கு இன்னொரு உறுத்தல். தெற்குச் சீருடையில் வேவு என்கிறீர்களே, அது போர் முறைக்கு அடுக்குமா?

லாயக்காரன்:
அடுக்காது. பிடிபட்டால் கயிறுதான், அது அவர்களுக்கே தெரியும். யோசனை பிளாக்பர்னுடையது. 7-வது இல்லினாயின் சார்ஜென்ட் ரிச்சர்ட் சர்பியின் கீழ் ஒரு சின்னக் கூட்டம், பழுப்பு உடையும் வேட்டைத் துப்பாக்கியுமாக முன்னால் போகும். ஊர்க்காரர்கள் தங்கள் ஆள் என்று நினைத்து வழி சொல்வார்கள், சாப்பாடு போடுவார்கள், எந்தப் பாலத்தில் எத்தனை காவல் என்பது வரை கொட்டிவிடுவார்கள்.

ஏப்ரல் 27 விடியற்காலையில் பேர்ல் ஆறு. வெள்ளம், பாலம் கிடையாது, ஒரே ஒரு தோணி, அதுவும் அக்கரையில். பிரின்ஸ் 200 பேரோடு இரவோடு இரவாக முன்னால் வந்துவிட்டார். அக்கரைப் படகுத்துறைக்காரரிடம் தெற்கத்திப் பேச்சை அப்படியே இழுத்துப் பேசி, அலபாமா குதிரைப்படை வந்திருக்கிறது என்று தோணியை வரவழைத்துவிட்டார். ஒரு நடைக்கு 24 குதிரை வீதம் படை முழுக்கக் கடந்தது.

அடுத்தது ஹேஸல்ஹர்ஸ்ட் ஸ்டேஷன். சர்பியின் ஆட்கள் இருவர் தந்தி ஆபீசுக்கே போய்ப் பெம்பர்டனுக்குச் செய்தி கொடுத்தார்கள். வடக்கத்தியர்கள் பேர்ல் ஆறு வரை வந்தார்கள், தோணி அழிந்து கிடந்ததால் கடக்க முடியாமல் வடகிழக்கே திரும்பிவிட்டார்கள் என்று. அனுப்பி முடித்து வெளியே வரும்போது ஊரில் ஒருவர் அடையாளம் கண்டு கூச்சல் போட, கைத்துப்பாக்கியைக் காட்டிக்கொண்டு தப்பினார்கள். பிறகு படை ஊருக்குள் வந்து சரக்குப் பெட்டிகளைக் கொளுத்தியது. தீ கடைகளுக்கும் வீடுகளுக்கும் பரவியது. வைத்தவர்களே ஊர்க்காரர்களோடு சேர்ந்து அணைத்தார்கள்.

மேட்டுத்தெரு:
எங்கள் ஊர்க் கபடியில் பாடிப் போனவன் தொட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும். இவர் எதிர்க்கோட்டையும் தாண்டி அடுத்த தெருவுக்கே போயிருக்கிறார்.

தண்டவாளம்:
😂😂

பனைநிழல்:
எல்லாரும் தந்திரத்தை ரசிக்கிறோம், சரி. அந்தப் பாதையில் யார் வாழ்ந்தார்கள் என்பதும் பேச்சில் வரட்டும். உணவு பத்து நாளுக்கு இழுக்கும் என்றால், மீதிக்கு என்ன செய்திருப்பார்கள்? வழியிலுள்ள பண்ணைகளின் புகைக்கூட்டிலிருந்து பன்றி இறைச்சி, களத்திலிருந்து சோளம், லாயத்திலிருந்து குதிரை. சுமார் ஆயிரம் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் பிடித்ததாகக் கிரியர்சனே எழுதியிருக்கிறார். இதில் ஏழை வெள்ளைக்காரக் குடியானவனின் ஒற்றைக் குதிரையும் இருந்திருக்கும்.

இன்னொரு பக்கம், அதே பண்ணைகளில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள். லிங்கனின் விடுதலைப் பிரகடனம் அமலுக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. மிசிசிப்பியின் உள்பகுதியில் அது காகிதத்தில்தான் இருந்தது. நீலச்சட்டை போட்ட வடக்கு வீரர்களைப் பார்த்ததும் அவர்களில் பலர் பண்ணைக் கழுதையில் ஏறிப் பின்னாலேயே வந்துவிட்டார்கள். பேட்டன் ரூஜ் ஊர்வலத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தார்கள். எதிரி எங்கே, ஆழம் குறைந்த துறை எது, எந்தச் சதுப்பில் வழி உண்டு என்பதெல்லாம் பல இடங்களில் அவர்கள் சொல்லித்தான் படைக்குத் தெரிந்தது. கிரியர்சனின் சட்டைப்பையில் இருந்தது சின்ன வரைபடமும் ஒரு திசைகாட்டியும்தான். அதை மட்டும் வைத்துக்கொண்டு ஏப்ரல் மழையில் மிசிசிப்பிச் சதுப்புகளைக் கடந்துவிட முடியாது.

லாயக்காரன்:
பனைநிழல் சொன்னது முக்கியம். இதன் தொடர்ச்சியாக ஒன்று. போருக்குப் பிறகு நிரந்தரப் படையில் கறுப்பின வீரர்களுக்கென்று குதிரைப்படைகள் அமைத்தபோது 10-வதற்குக் கர்னலாகப் போனவர் கிரியர்சன். 9-வதற்குப் போனவர் அதே ஹாட்ச். வேறு பல அதிகாரிகள் மூக்கைச் சுளித்த பதவி அது. கிரியர்சன் இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்து, தன் வீரர்களுக்காக மேலிடத்தோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்.

கோட்டைமேடு:
சரி, வால்ஸ் பாலத்துக்கு வருவோம். இந்த ஓட்டத்தில் 7-வது இல்லினாய் உண்மையாகவே அடி வாங்கிய இடம். அங்கே நடந்தது தேவையே இல்லாத வேலை என்பேன்.

அதற்கு முன்னால், ஏப்ரல் 28 அன்று யூனியன் சர்ச் ஊரில் விர்ட் ஆடம்ஸின் தெற்குக் குதிரைப்படையோடு மோதல். ஆடம்ஸ் மறுநாள் ஃபாயெட் போகும் சாலையில் பொறி வைத்தார். சர்பியின் ஆட்கள் அதை மோப்பம் பிடித்துவிட்டார்கள். கிரியர்சன் அந்தப் பக்கம் போகிற மாதிரிப் பாவனை காட்டிவிட்டுக் கிழக்கே புரூக்ஹேவனுக்குத் திரும்பினார். இது வரை அருமை.

மே 1 மதியம் டிக்ஃபா ஆற்றின் மேல் வால்ஸ் பாலம். குறுகலான பலகைப் பாலம், எதிர்க்கரைக் காட்டில் லூசியானா வீரர்கள் சுமார் நூறு பேர் மறைந்திருக்கிறார்கள். பீரங்கி வரும் வரை காத்திருந்தால் போதும். பிளாக்பர்ன் பொறுக்கவில்லை. வேவுக்காரர்களையும் கூப்பிட்டுக்கொண்டு கைவிரலில் எண்ணிவிடும் அளவு ஆட்களோடு பாலத்தில் பாய்ந்தார். அவர் குதிரை விழுந்தது, அவரும் பலத்த காயத்தோடு விழுந்தார், அந்த மாதமே இறந்துபோனார். சர்பிக்குத் தொடையில் குண்டு. பின்னால் வந்த பீரங்கி நாலு குண்டு போட்டு, பக்கவாட்டில் ஆட்கள் இறங்கியதும் எதிரி ஓடிவிட்டான். முதலிலேயே இதைச் செய்திருக்கலாமே!

லாயக்காரன்:
அவசரம் தெரிந்தே எடுத்த ஆபத்து என்று பிளாக்பர்னுக்காக வாதாடலாம். முன்னால் அமைட் ஆறு, அதில் வில்லியம்ஸ் பாலம். அதை எதிரி முதலில் பிடித்தால் படை முழுக்க முடிந்தது. ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. ஆனாலும் அப்படிப் பாய்ந்தது சரியென்று என் வாயால் வராது. பதினைந்து நாள் கட்டிக்காத்த பொறுமையை அந்தப் பாலத்தில் கைவிட்டார்.

காயம்பட்டவர்களைப் பக்கத்துப் பண்ணை வீட்டில் விட்டுவிட்டுத்தான் படை போக முடிந்தது. சர்பியின் பழுப்பு உடையைக் கழற்றி நீலச் சட்டை மாட்டிவிட்டார்கள். அந்தச் சட்டைதான் அவர் கழுத்தைக் காப்பாற்றியது, சாதாரணப் போர்க்கைதியாகவே பிடிபட்டார். படை மருத்துவர் ஒருவர் தானே முன்வந்து காயம்பட்டவர்களோடு தங்கினார்.

நள்ளிரவில் வில்லியம்ஸ் பாலத்தைக் கடந்தார்கள். கடைசி 28 மணி நேரத்தில் 76 மைல், நான்கு மோதல், கோமிட் ஆற்றில் குதிரைகள் நீந்திக் கடந்தன. பேட்டன் ரூஜுக்குச் சில மைல் முன்னால் நிறுத்தியதும் எல்லாரும் விழுந்த இடத்தில் தூங்கினார்கள். பாட்டு வாத்தியார் மட்டும் பக்கத்துப் பண்ணை வீட்டுக்குள் போய், தூக்கம் வராமலிருக்கப் பியானோ வாசித்துக்கொண்டிருந்தாராம். அவருடைய ஆள் ஒருவன் சேணத்திலேயே தூங்கிப்போக, குதிரை நிற்காமல் நேராக வடக்குப் படையின் காவல் வரிசைக்கே போய்விட்டது. அவன் சொன்ன கதையை அங்கே முதலில் யாரும் நம்பவில்லை.

வைகறைவாசகன்:
ஆள் இழப்பைக் கொண்டு அளந்தது போதாது என்று படுகிறது. ஆனாலும் முழுத் திருப்தி இல்லை. அதிர்ஷ்டம் என்று ஏன் சொல்லக் கூடாது? அதே வாரம் ஸ்ட்ரெயிட் என்ற கர்னல் இதே மாதிரி அலபாமாவில் போய் அடியோடு மாட்டினாரே?

லாயக்காரன்:
ஸ்ட்ரெயிட்டை வைத்தே பதில் சொல்லலாம். அவருக்குக் கொடுத்தது காலாட்படை, ஏறிப்போகக் கோவேறு கழுதைகள். கழுதைகள் பாதி நோஞ்சான், கத்தியே எதிரிக்கு இடம் காட்டிக் கொடுத்தன. துரத்தியவர் தெற்குக் குதிரைப்படைத் தலைவர் ஃபாரஸ்ட். மே 3 அன்று ஸ்ட்ரெயிட் சுமார் 1500 பேரோடு, தன்னில் பாதிகூட இல்லாத படையிடம் சரணடைந்தார். ஃபாரஸ்ட் இரண்டு பீரங்கியைச் சுற்றிச் சுற்றிக் காட்டி நிறைய இருப்பதாக நம்ப வைத்தார். ஏமாற்று இரண்டு பக்கமும் உண்டு!

கிரியர்சனுக்கு அதிர்ஷ்டம் இருந்தது உண்மைதான். ஃபாரஸ்ட் அந்த நேரம் ஸ்ட்ரெயிட் பின்னால் அலபாமாவில் இருந்ததே பெரிய அதிர்ஷ்டம். ஆனால் பலனைப் பாருங்கள். விர்ட் ஆடம்ஸின் குதிரைகள் இருக்க வேண்டிய இடம் கிராண்ட் கல்ஃப் பக்கத்து ஆற்றங்கரை. கிரியர்சனைத் துரத்த அவை உள்ளே இழுக்கப்பட்டன. ஏப்ரல் 30 அன்று கிரான்ட் புரூயின்ஸ்பர்க்கில் எதிர்ப்பே இல்லாமல் ஆற்றைக் கடந்தார். அங்கே காவல் பார்க்க வேண்டிய கண் புரூக்ஹேவன் பக்கம் குளம்புத் தடம் தேடிக்கொண்டிருந்தது. ஜூலை 4 அன்று விக்ஸ்பர்க் வீழ்ந்தது.

ஆற்றங்கரை:
7-வது இல்லினாய் அதன் பிறகு என்ன ஆனது என்று யாராவது கேட்பீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். பேட்டன் ரூஜில் ஓய்வு கிடைக்கவில்லை. ஆற்றின் மேல் தெற்கின் இன்னொரு கோட்டையான போர்ட் ஹட்சன் முற்றுகைக்கு வடக்கு ஜெனரல் பாங்க்ஸ் அவர்களைப் பிடித்துவைத்துக்கொண்டார். ஜூலை வரை அங்கேதான் ரோந்தும் மோதலும். பிறகு டென்னஸி, மறுபடி வடக்கு மிசிசிப்பி. 1864 டிசம்பர் 15, 16-ல் நாஷ்வில் சண்டையில் ஹாட்சின் கீழ் இருந்தார்கள். அங்கே குதிரையை விட்டு இறங்கி, கார்பைன் துப்பாக்கியோடு மேட்டில் ஏறி எதிரியின் பீரங்கி மேடைகளைப் பிடித்தார்கள். நாலில் ஒருவன் பின்னால் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு நிற்க, மீதி மூன்று பேர் காலாள். நேருக்கு நேர் சண்டையைத் தேடுகிற வைகறைவாசகன் அந்த இரண்டு நாளைப் படிக்கலாம். 1865 நவம்பரில் படை கலைக்கப்பட்டது.

வைகறைவாசகன்:
நாஷ்வில்லுக்குத் தனி இழை போடுகிறேன். கோட்டைமேடு, ஹாட்ச் பற்றி நீங்கள்தான் அங்கே தொடங்க வேண்டும்.

கோட்டைமேடு:
போடுங்கள், வருகிறேன். இந்த முறை அயோவாவிலிருந்து ஆரம்பிப்போம்.